முழங்கையின் வெளிப்புற வலி: ஊசி போட்டுக்கொண்டு போட்டியில் ஆடலாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும், 38 வயதான, அலுவலகம் முடிந்ததும் வாரத்தில் நான்கு மாலைகள் பட்மிண்டன் ஆடும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வலது முழங்கையின் வெளிப்புறத்தில் மூன்று மாதங்களாக வலி இருக்கிறது, வைத்தியர் அதை டெனிஸ் எல்போ என்று சொல்லி ஸ்டெரொயிட் ஊசி ஒன்றைப் போடலாம் என்கிறார், நண்பர் ஒருவர் சொந்தக் குருதியிலிருந்து தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியே சிறந்தது என்கிறார், வர்த்தக நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி ஆறு வாரங்களில் ஆரம்பமாகிறது, சத்திரசிகிச்சை இல்லாமல் இது குணமாகுமா என்பது அவர் எழுதியதன் சுருக்கம். வாசித்துப் பார்த்தால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த முழங்கை எப்படிக் குணமாகும் என்பது ஒன்று; ஆறு வாரத்தில் ஆடுவதற்கு என்ன செய்யலாம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை இல்லை. முதலாவதற்கு நல்லதாக இருப்பது இரண்டாவதற்கு மெதுவானது. இரண்டாவதற்கு விரைவாக உதவுவது முதலாவதற்குக் கெடுதல் செய்யக்கூடியது. நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கொழும்பில் பல ஆண்டுகளாக விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்மருத்துவர். உங்கள் கையை நான் தொட்டுப் பரிசோதிக்கவில்லை; எனவே கீழே எழுதுவது உங்கள் வைத்தியர் சொன்ன நோய்தான் உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுவது. ஊசி போடுவதா இல்லையா என்ற இறுதி முடிவு உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. அந்த உரையாடலுக்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மணிக்கட்டைப் பின்பக்கமாக உயர்த்தும் தசைகள் முன்கையின் மேற்புறமாக ஓடி, முழங்கையின் வெளிப்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைப்பில் ஒரு பொதுவான தசைநாணாகப் போய்ப் பற்றிக்கொள்கின்றன. அவற்றில் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரேவிஸ் எனப்படும் தசையின் நாண்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. நீங்கள் எதையாவது இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு உள்நோக்கி மடியாதபடி இழுத்து நிறுத்துவது இந்தத் தசைதான். ஆதலால் பட்மிண்டன் ஆடும்போது மட்டுமன்றி, தேநீர்க் குவளையைத் தூக்கும்போதும் கதவுக் கைபிடியைத் திருகும்போதும் வலி வருகிறது. 1873இல் ஜெர்மானிய வைத்தியர் ரூங்கே இந்த வலியை முதலில் விவரித்தபோது அவர் பார்த்தது எழுதுவதால் வந்த வலியை. டெனிசுடன் இதைத் தொடர்புபடுத்தி எழுதியது 1880களில்தான். இன்றும் எங்களிடம் வருகிறவர்களில் பலர் ரக்கெட்டைத் தொட்டே அறியாதவர்கள். வயதில் பெரும்பாலோர் முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். பொதுவாக அதிகம் பயன்படுத்தும் கையிலேயே வருகிறது.

இந்த நோயைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, மூன்று மாதம் தாண்டிய நிலையில் இது வழக்கமான அழற்சி நோய் அல்ல என்பது. 1979இல் சத்திரசிகிச்சை நிபுணர்களான நிர்ஷலும் பெட்ரோனும் சத்திரசிகிச்சையில் எடுக்கப்பட்ட தசைநாண் திசுவைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் அதன் பின்வந்த ஆய்வுகளும் அழற்சிக்குரிய கலங்களைப் பெரிதாகக் காணவில்லை. ஒழுங்கு குலைந்த நார்களையும், புதிதாக முளைத்த நுண்ணிய குருதிக்குழாய்களையும், முடிவுபெறாத பழுதுபார்க்கும் முயற்சி ஒன்றின் அடையாளங்களையுமே கண்டன. சிகிச்சையைத் தெரிவு செய்வதில் இந்த விபரம் மிக முக்கியமானது. அழற்சியை அடக்கும் மருந்து வலியைக் குறைக்கலாம். ஆனால் குலைந்த நார்களை அது ஒழுங்காக்குவதில்லை. தசைநாண் தன்னைத் திருத்திக்கொள்வதற்கு அளவான இழுவை வேண்டும், காலமும் வேண்டும்.

மேலே போவதற்கு முன், நோய் இதுதானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மறு கையின் அழுத்தத்தை எதிர்த்து மணிக்கட்டை உயர்த்திப் பாருங்கள். பிறகு நடுவிரலை மட்டும் அதேபோல் உயர்த்திப் பாருங்கள். இரண்டிலும் எலும்பு முனைப்பின் மீதோ அதற்குச் சற்றே கீழேயோ பழகிய அந்த வலி வந்தால், அந்த இடத்தை அழுத்தும்போதும் அதே வலி வந்தால், வைத்தியர் சொன்னது பெரும்பாலும் சரிதான். முழங்கையை நீட்டியபடி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, ஒரு கதிரையை அதன் சாய்மானத்தில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. மாறாக வலி எலும்பு முனைப்பிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் கீழே, தசைக்குள் ஆழமாக இருந்து இரவிலும் குடைந்தால், அங்கே ஊடுருவிச் செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கை வலித்தால், விரல்கள் மரத்தால், கழுத்து முள்ளந்தண்டிலிருந்து வரும் வலியாக இருக்கலாம். முழங்கை இடையிடையே சிக்கிக்கொண்டால், அல்லது விழுந்து கையை ஊன்றிய பிறகே வலி தொடங்கியிருந்தால், மூட்டையும் அதன் பிணைநார்களையும் பரிசோதிக்க வேண்டும். வளரும் பருவத்துப் பிள்ளைகளின் முழங்கை வலிக்கு இந்தப் பதிலில் உள்ள எதையும் பொருத்திப் பார்க்காதீர்கள். அவர்களின் எலும்பு வளர்ச்சிப் பகுதிகள் வேறு விதமாகப் பாதிக்கப்படுகின்றன.

எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ. யிலோ நாண் தடித்தும் ஓரளவு கிழிந்தும் தெரியலாம். வலியே இல்லாதவர்களிலும் அப்படித் தெரிவதுண்டு. அறிக்கையில் கிழிவு என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கிப்போய் வருகிறவர்கள் ஏராளம். நேரடியாக அடிபடாத, கை பலமாக இயங்கும் ஒருவருக்கு அந்தச் சொல் மட்டும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

இனி ஊசிக்கு வருகிறேன். ஸ்டெரொயிட் ஊசி வேலை செய்வதில்லை என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். அது மிக நன்றாகவே வேலை செய்கிறது, குறுகிய காலத்துக்கு. நெதர்லாந்தில் 185 நோயாளிகளை எழுமாற்றாக மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதமானோர் தேறியிருந்தார்கள். இயன்மருத்துவம் பெற்றவர்களில் 47 சதவீதமானோரும், ஆலோசனை மட்டும் பெற்றுக் காத்திருந்தவர்களில் 32 சதவீதமானோரும்தான் அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். உங்கள் போட்டியும் சரியாக ஆறு வாரத்தில் வருவதால் இந்த எண்கள் உங்களை ஈர்க்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆனால் அதே ஆட்களை 52 வாரங்களின் பின் பார்த்தபோது வரிசை தலைகீழாக மாறியிருந்தது: ஊசி 69 சதவீதம், இயன்மருத்துவம் 91 சதவீதம், காத்திருந்தவர்கள் 83 சதவீதம். எதுவும் செய்யாமல் இருந்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் ஓராண்டின் முடிவில் பின்தங்கியிருந்தார்கள்.

ஓர் ஆய்வு தற்செயலாக அப்படி வந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது நியாயம். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரைக் கொண்டு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்விலும் இதே வடிவம்தான் வந்தது; ஊசியால் முதலில் தேறியவர்களில் 72 சதவீதமானோருக்கு வலி திரும்பியது. அதே நகரத்தைச் சேர்ந்த குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனமானது: 165 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டெரொயிட்டும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போடப்பட்டன, யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டின் பின் உப்புநீர் பெற்றவர்களில் 96 சதவீதமானோர் முழுமையாகவோ பெருமளவிலோ குணமடைந்திருந்தார்கள். ஸ்டெரொயிட் பெற்றவர்களில் 83 சதவீதம். வலி மீண்டும் வந்தது முன்னவர்களில் 12 சதவீதமானோருக்கு, பின்னவர்களில் 54 சதவீதமானோருக்கு. ஊசியைப் போட்டுக்கொண்டு அத்துடன் பயிற்சியையும் செய்தால் இந்தப் பாதகம் நீங்கிவிடும் என்று நம்பியிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆய்வு தந்த விடை, நீங்கவில்லை என்பதுதான். பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால், இந்த நோயின் சிகிச்சை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிக உறுதியானவற்றுள் ஒன்றாக இதை வைக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது என்பது அவ்வளவு உறுதியானதல்ல. ஸ்டெரொயிட் நாணின் கலங்களை நேரடியாகப் பலவீனப்படுத்துகிறது என்பது ஒரு விளக்கம்; வலி போனதும் ஆட்டக்காரர் பழுதான நாணின் மீது பழைய வேகத்தில் சுமையை ஏற்றிவிடுகிறார் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஊசியால் ஆறாம் வாரத்தில் வலியின்றி நின்று, போட்டியில் முழு மூச்சுடன் அடித்து, அதன்பிறகு சில மாதங்கள் அவதிப்படும் ஆட்டக்காரரை நான் அடிக்கடி காண்கிறேன். இவற்றைத் தவிர, நம்முடைய மாநிறத் தோலில் ஊசி போட்ட இடம் வெளிறி மாதக்கணக்கில் நிலைத்திருக்கலாம், தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு சுருங்கிக் குழி விழலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் குருதிச் சர்க்கரை சில நாட்களுக்கு ஏறும். திரும்பத் திரும்பப் போடுவது நாணையும் பக்கவாட்டுப் பிணைநாரையும் கெடுக்கக்கூடும் என்ற அச்சமும் உண்டு. தேசிய மட்டத்தில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: 2022 ஜனவரி முதல், குளுக்கோகோர்ட்டிகொயிட் எனப்படும் இந்த வகை ஸ்டெரொயிட் மருந்துகளை எந்த வழியில் ஊசியாக ஏற்றினாலும் போட்டிக்காலத்தில் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் வருகிறது. நாணைச் சுற்றிப் போடும் ஊசியும் அதற்குள் அடங்கும்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள மாட்டேன். வாழ்வாதாரமே ஒரு போட்டியில் தங்கியிருக்கும் தொழில்முறை வீரர் ஒருவர், ஓராண்டின் விலையைத் தெரிந்துகொண்டே அந்த ஆறு வாரத்தை வாங்குவதாகச் சொன்னால் அவருடைய தெரிவை மதிப்பேன். ஒவ்வொரு ஆண்டும் வரும் நிறுவனப் போட்டிக்காக அந்த விலையைக் கொடுப்பது தகுமா என்பதை நீங்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஊசிக்குப் பதிலாக நான் தருவது படிப்படியான சுமைப் பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, கை மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி அமருங்கள், முழங்கை மடிந்திருக்கட்டும். ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை நேராக, அசையாமல் முப்பது முதல் நாற்பத்தைந்து வினாடிகள் வைத்திருங்கள்; இடையில் ஒரு நிமிடம் ஓய்வெடுத்து நான்கைந்து தடவை செய்யுங்கள். எடைக்குத் தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நிரம்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ. அது கடினமென்றால் அரை லீற்றர் போத்தலுடன் தொடங்கலாம். ஒன்றிரண்டு வாரங்களில் இந்த நிலையான பிடிப்பு எளிதானதும் அசைவுக்கு மாறுங்கள்: நாலு வினாடி எடுத்து மெதுவாக மணிக்கட்டை உயர்த்தி, நாலு வினாடி எடுத்து மெதுவாக இறக்குவது, பத்து முதல் பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பதினைந்து தடவை மூன்று சுற்றும் இலகுவாக முடிந்தால் அரைக் கிலோ கூட்டுங்கள். பின்னர் இதையே முழங்கையை நீட்டி வைத்துச் செய்ய வேண்டும், ஏனெனில் நாணின் மீது இழுவை அதிகமாகும் நிலை அதுவே. பட்மிண்டனில் உங்கள் கை நீண்டிருக்கும்போதுதானே அடி விழுகிறது. றப்பர் கோலை இரு கைகளாலும் முறுக்கி, வலிக்கும் கையால் மெதுவாக விடுவிக்கும் பயிற்சியும் உண்டு; அதை ஆதரிக்கும் ஆய்வு சிறியது, ஆனாலும் பயனுள்ளதாகவே காண்கிறேன். இவற்றுடன் தோள்பட்டைத் தசைகளையும் பலப்படுத்துங்கள். தோள் தளர்ந்தவரின் வேலையை முன்கை ஏற்க வேண்டியிருக்கிறது.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். பத்தில் மூன்று அல்லது நாலு என்று மதிப்பிடக்கூடிய வலி, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால், அந்த அளவு சுமையை நாண் தாங்குகிறது என்று பொருள். மறுநாளும் கூடுதலாக வலித்தால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். வலி தெரியாத நாளில் உற்சாகத்தில் இரட்டிப்பாகச் செய்வதும், வலித்த நாளில் அடியோடு விட்டுவிடுவதும் சமமாகக் கெடுதல். குறைந்தது பன்னிரண்டு வாரங்கள் இது தொடர வேண்டும். ஆறாவது வாரத்தில் பெரும்பாலோர் தெளிவான முன்னேற்றத்தை உணர்கிறார்கள், ஆனால் முழுக் குணத்தை அல்ல. மேலே தந்த 47 சதவீதம் என்ற எண்ணும் அதையே சொல்கிறது.

பயிற்சியைப் பற்றியும் அதே நேர்மையுடன் பேச வேண்டும். ஓராண்டின் முடிவில் இயன்மருத்துவம் பெற்றவர்களுக்கும் வெறுமனே காத்திருந்தவர்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதல்ல. 2013 ஆய்வில் அது கணக்கில் எடுக்கத்தக்க அளவில் இருக்கவே இல்லை. பெரும்பாலான முழங்கைகள் காலப்போக்கில் தாமாகவே ஆறிவிடுகின்றன. அப்படியிருந்தும் விளையாட்டு வீரர்களிடம் பயிற்சியை நான் வற்புறுத்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஸ்டெரொயிட் பெறாதவர்களில் இயன்மருத்துவம் முதல் வாரங்களில் வலியைக் குறைத்து விரைவாக மீளச் செய்கிறது. உங்களுக்கு அந்த வாரங்கள்தான் முக்கியம். அத்துடன் அந்த ஆய்வுகளில் குணம் என்று கொள்ளப்பட்டது முழுமையாகவோ பெருமளவிலோ தேறிவிட்டதாக நோயாளியே சொன்ன நிலை. பின்கை அடியால் (பேக்ஹாண்ட்) ஷட்டிலை எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோடு வரை அனுப்பும் பலம் அதைவிட அதிகம்; மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த முன்கைக்கு அந்தப் பலம் தானாகத் திரும்பாது. இந்த இரண்டாவது காரணம் என் அனுபவத்தில் இருந்து வருவது, அதை ஆய்வின் உறுதியுடன் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இயன்மருத்துவர் ஒருவர் உங்கள் முழங்கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பிடித்திருக்கும்போதே நீங்கள் கையை இறுக்கி மூடும் ஒரு முறை இருக்கிறது. சரியாகப் பொருந்தினால் அந்த இடத்திலேயே வலியின்றிப் பிடிக்கும் பலம் கூடுவதைக் காணலாம். 2006 ஆய்வில் பயன்பட்ட இயன்மருத்துவம் இம்முறையும் பயிற்சியும் சேர்ந்ததுதான். முன்கைப் பட்டி சிலருக்கு உடனடியாக உதவுகிறது. அதைப் பலரும் நேராக வலிக்கும் எலும்பின் மீது கட்டுகிறார்கள். அது இருக்க வேண்டிய இடம் எலும்பு முனைப்பிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே, தசையின் மீது. ஆடும்போதும் பாரம் தூக்கும்போதும் கட்டுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கட்டியும் வலி மாறவில்லையென்றால் அது உங்களுக்கு உதவவில்லை, விட்டுவிடலாம். எண்ணெய் பூசித் தடவுவதாலும் தைலத்தாலும் சற்று இதமாக இருந்தால் தடை சொல்லமாட்டேன். ஆனால் எலும்பு முனைப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும் தடவல் வலியைக் கூட்டுவதையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

மருந்துகளில், டைக்ளோஃபெனக் போன்ற பூசும் ஜெல் சில வாரங்களுக்கு ஓரளவு உதவுகிறது, வயிற்றுக்கும் பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. அதே மருந்தை மாத்திரையாக வாரக்கணக்கில் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் உகந்ததல்ல. கொழும்பில் வாழ்கிறவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும்: முழங்கைக்காக டைக்ளோஃபெனக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் அவற்றை உடனே நிறுத்துங்கள். டெங்குக் காய்ச்சலில் இவை குருதிக்கசிவு ஆபத்தைக் கூட்டுகின்றன. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும், அதுவும் அளவோடு. பாமசியில் கேட்டு வாங்கிய மாத்திரையின் பெயரே தெரியாமல் விழுங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நைத்திரோகிளிசரின் ஒட்டுத்துண்டைச் சிறிதாக வெட்டி வலிக்கும் இடத்தில் ஒட்டும் சிகிச்சைக்குச் சாதகமான ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. தலைவலி அதன் பொதுவான பக்கவிளைவு. வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் அதை முயலக் கூடாது.

உங்கள் நண்பர் சொன்ன பி.ஆர்.பி., உங்கள் சொந்தக் குருதியைச் சுழற்றிப் பிரித்து, குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியை நாணுக்குள் ஏற்றும் சிகிச்சை. அதைப் பற்றிய நற்செய்திகள் பெரும்பாலும் ஸ்டெரொயிட் ஊசியுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில் இருந்து வந்தவை. ஓராண்டில் காத்திருந்தவர்களைவிடவே பின்தங்கும் ஒன்றுடன் ஒப்பிட்டு வென்றால், அந்த வெற்றியின் பெறுமதி என்ன என்று கேட்கத்தான் வேண்டும். உப்புநீர் போன்ற போலி ஊசியுடன் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, சொந்தக் குருதி ஊசியோ பி.ஆர்.பி.யோ வலியிலும் கையின் செயற்பாட்டிலும் நோயாளி உணரத்தக்க அளவு நன்மையைப் பெரும்பாலும் தருவதில்லை என்று முடித்தது. ஊக்கமருந்துச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டதல்ல, ஸ்டெரொயிட்டைப் போன்ற பின்விளைவும் காணப்படவில்லை. ஆனால் தனியார் வைத்தியசாலையில் கணிசமான பணம் செலவாகும், ஊசி போட்ட பின் சில நாட்கள் வலி கூடும், ஆறு வாரத்துக்குள் ஆடவேண்டிய ஒருவருக்கு அது பொருந்தவும் செய்யாது. அதிர்வலைச் சிகிச்சை பற்றிய மீளாய்வும் நன்மை சொற்பம் அல்லது இல்லை என்றே சொன்னது. போட்டொக்ஸ் ஊசி வலியைக் குறைக்கலாம், ஆனால் விரல்களை உயர்த்தும் பலத்தைச் சில மாதங்களுக்குப் பறித்துவிடக்கூடும். ரக்கெட் பிடிக்கும் கைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்குபங்சருக்கும், மருந்தில்லாத ஊசியைத் தசையில் குத்தும் உலர் ஊசிக்கும் சில வார அளவிலான ஆறுதலைத் தாண்டி உறுதியான ஆதாரம் இல்லை.

பணச் செலவில்லாமல் அதிகம் மாற்றக்கூடிய இடம் உங்கள் பிடியும் அன்றாடப் பழக்கமும். கொழும்பின் புழுக்கத்தில் கை வியர்த்து ரக்கெட் நழுவுகிறது. நழுவாதிருக்க நாம் அறியாமலே ஆட்டம் முழுவதும் இறுக்கிப் பிடிக்கிறோம். பிடித்துணியை அடிக்கடி மாற்றுங்கள், சுற்றுகளுக்கு இடையில் கையைத் துடையுங்கள், ஷட்டிலைத் தொடும் கணத்தில் மட்டும் இறுக்கி மற்ற நேரம் தளர்த்திப் பிடிக்கப் பழகுங்கள். ரக்கெட்டில் பின்னிய நரம்பின் இழுவிசையை இரண்டு மூன்று இறாத்தல் குறைத்துப் பாருங்கள்; மிகவும் விறைப்பான தண்டுள்ள ரக்கெட்டைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். டெனிசில் செய்த அளவீடுகள், தேர்ந்த ஆட்டக்காரர்கள் பின்கை அடியின்போது மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்தி வைத்திருப்பதையும், புதியவர்கள் அதை உள்நோக்கி மடித்த நிலையில் பந்தைச் சந்திப்பதையும் காட்டின. மடிந்த மணிக்கட்டில் அடியின் அதிர்ச்சி நேராக அந்த நாணை இழுக்கிறது. பட்மிண்டனில் பந்தின் பாரம் இல்லை என்றாலும், பின்னால் தாமதமாக ஓடிப்போய் மணிக்கட்டை மட்டும் உதறி அடிக்கும் பின்கை அடியே பெரும்பாலும் குற்றவாளி. கால் வேகம் குறைந்தால் முழங்கை அதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பயிற்றுநர்கள் நன்கு அறிவார்கள். சச்சின் டெண்டுல்கர் கனமான மட்டையால் ஆடியவர். 2004இல் அவருடைய இடது முழங்கையில் இந்த வலி வந்து, 2005 மே மாதத்தில் லண்டனில் சத்திரசிகிச்சை செய்யும் அளவுக்குப் போனது. கருவியின் பாரத்தை அலட்சியம் செய்ய வேண்டாம் என்பதற்காக அதை இங்கே நினைவூட்டுகிறேன்.

ஆடுகளத்துக்கு வெளியே கணினி மவுஸை மேசையின் தொலைவில் வைத்து மணிக்கட்டை உயர்த்தியபடி நாள் முழுவதும் வேலை செய்வது, ஈரத்துணி பிழிவது, தேங்காய் துருவுவது, கனமான கடைப்பையைக் கையை நீட்டித் தூக்குவது எல்லாம் அதே நாணின் கணக்கில்தான் சேர்கின்றன. பையை உள்ளங்கை மேல்நோக்க, முழங்கையை மடித்துத் தூக்கினால் வலி குறையும்.

இப்போது ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஓட்டமும் கால் பயிற்சியும் தொடரட்டும், மணிக்கட்டுப் பயிற்சி தொடங்கட்டும். மூன்றாம் நாலாம் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், வலையருகு அடிகளும் முன்கை (ஃபோர்ஹாண்ட்) அடிகளும் மட்டும். ஐந்தாம் வாரத்தில் பின்கை அடிகளைச் சேர்த்து, மறுநாள் காலை கதிரையைத் தூக்கிப் பாருங்கள். முதல் நாளைவிட வலி கூடாமலும், இறுக்கிப் பிடிக்கும் பலம் மறு கைக்கு அண்மித்தும் இருந்தால் பட்டி கட்டிக்கொண்டு போட்டியில் இறங்கலாம். இல்லையென்றால் இம்முறை அணியின் பெயர்ப்பட்டியலில் மாற்று ஆட்டக்காரராக இருங்கள். இந்த அட்டவணை எந்த ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. வலியின் போக்கைப் பார்த்து நான் வழக்கமாக அமைப்பது, உங்கள் இயன்மருத்துவர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

சத்திரசிகிச்சையைப் பற்றி மூன்று மாதத்தில் யோசிக்கத் தேவையில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறாத சிலருக்கே அது பேசப்படுகிறது, அங்கும் ஆதாரம் வலுவானதாக இல்லை. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, பழுதான திசுவை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையை, தோலை வெட்டி நாணைத் திறந்து பார்த்துவிட்டு மட்டும் தைத்த போலிச் சத்திரசிகிச்சையுடன் ஒப்பிட்டபோது வேறுபாட்டைக் காணவில்லை. 26 பேர் மட்டுமே பங்குபற்றியதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் பெற்றால் சிகிச்சை இலவசம். வரிசையில் நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும். தனியாரிடம் போவதானால், சூடு வைத்து மின்சாரம் கொடுத்து அனுப்பிவிடும் இடத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். எடையை எப்போது, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்லித் தருகிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். இடையில் விரல்களையோ மணிக்கட்டையோ உயர்த்த முடியாமல் பலம் குன்றினால், மூட்டு வீங்கிச் சூடானால், கை மரத்தால், அல்லது ஒழுங்காகச் செய்தும் பன்னிரண்டு வாரத்தில் எந்த முன்னேற்றமும் தெரியாவிட்டால், பயிற்சியைத் தொடராமல் விளையாட்டு மருத்துவ நிபுணர் ஒருவரிடமோ என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடமோ கையைக் காட்டுங்கள்.